காணி விளம்பரத்தில் விலையையும் போன் நம்பரையும் மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தால் நான் முதலில் புரட்டுவது காணி விளம்பரப் பக்கத்தைத்தான். காணி வாங்குகிற வசதி இருந்து அல்ல. மட்டக்களப்பில் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுதுகிற ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக மனம் வராது. போன வாரமும் வழக்கமான பாட்டுத்தான்: “10 பேர்ச் உறுதிக் காணி, கடற்கரைக்குக் கிட்ட, கிளியர் டொக்கியுமென்ட், வங்கிக் கடன் எடுக்கலாம், அவசர விற்பனை, தரகர் வேண்டாம்.” தரகர் வேண்டாம் என்று போட்டவரின் நம்பர் அதே பக்கத்தில் இன்னும் மூன்று காணிக்குக் கீழே கிடக்கிறது, அதை விடுங்கள்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். காணி விளம்பரம் எடுக்கும்போது நான்கு விபரத்தைக் கட்டாயமாகக் கேளுங்கள். காணிக்கு இருக்கிற ஆவணம் எந்த வகை, நில அளவைப் படத்தின் இலக்கமும் வருடமும் என்ன, காணிக்குப் போகிற பாதை யாருடையது, காணியின் மேல் ஈடோ வழக்கோ சீவிய உரித்தோ (எழுதிக் கொடுத்தவர் தன் ஆயுள் முழுவதும் அனுபவிக்க வைத்துக்கொண்ட உரிமை) இருக்கிறதா. இந்த நான்கும் இல்லாவிட்டால் விளம்பரத்தைத் திருப்பிக் கொடுங்கள். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள், அதனால்தான் கடிதம் கொஞ்சம் நீளப் போகிறது.

எங்கள் பகுதி பெண்பிள்ளைக்கு வீடு வளவு எழுதிக் கொடுக்கிற பகுதி. தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கமும் அப்படித்தான். தகப்பன் கட்டாரிலோ சவூதியிலோ நின்று அனுப்பிய காசு, தாய் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு, எல்லாம் கடைசியில் காத்தான்குடியிலோ கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு 8 பேர்ச் துண்டில் போய் விழுகிறது. வேறு ஊரில் வாங்கிய காணியில் பிழை வந்தால் காசு போகும். இங்கே கலியாணமும் சேர்ந்து குழம்பும். அப்படிப்பட்ட காசைக் கொடுக்கப் போகிற ஆளுக்கு “கிளியர் டொக்கியுமென்ட்” என்ற இரண்டு சொல்லைத்தான் நாம் கொடுக்கிறோம்.

முதலில் ஆவணத்துக்கு வருகிறேன், பாதிச் சிக்கல் அங்கேதான். புரோக்கரின் வாயில் எல்லாக் காணியும் ‘உறுதிக் காணி’தான். ஆனால் கையில் தருகிற கடதாசி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாதியாக இருக்கும். அறுதி உறுதி என்றால் விற்றவர் தன் உரித்து முழுவதையும் விலைக்கு விட்டுவிட்டார் என்று அர்த்தம், அது சரி. நன்கொடை உறுதி என்றால் தாயோ தகப்பனோ பிள்ளைக்கு எழுதியது, அதில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்துக்குக் கிட்ட ஒரு வரி இருக்கும், தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதியதாக. அந்த வரி இருந்தால் பிள்ளையின் கையெழுத்து மட்டும் போதாது. தாய் தகப்பனும் வந்து தங்கள் சீவிய உரித்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் காணியை வாங்கியும் அவர்கள் இருக்கும்வரை வளவுக்குள் இறங்க முடியாது. நன்கொடையை நன்றிகெட்டதனம் காட்டி நீதிமன்றத்தில் ரத்துச் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு, அதனால் புதிதாக எழுதிய நன்கொடை உறுதியைக் கண்டால் வங்கிக்காரர் முகத்தைச் சுழிப்பார்கள். ‘வங்கிக் கடன் எடுக்கலாம்’ என்று போடுகிறவர்கள் இதையும் போட வேண்டாமா?

அடுத்தது பெர்மிட் காணி. அம்பாறை மாவட்டத்தில் கல்லோயாக் குடியேற்றத் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் வாகரைப் பக்கமும், அரசாங்கம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்த காணி எக்கச்சக்கம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. முதலில் அனுமதிப்பத்திரம், அதாவது நாம் பெர்மிட் என்பது. பிறகு நிபந்தனைகளை நிறைவேற்றினால் அளிப்புப் பத்திரம். சுவர்ணபூமி, ஜயபூமி என்று சிங்கம் போட்ட பளபளக்கிற கடதாசியில் தருவதும் அளிப்புத்தான். அது பார்க்க உறுதியைவிடக் கம்பீரமாக இருக்கும், அதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. பெர்மிட்டானாலும் அளிப்பானாலும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. விரும்பிய அளவுக்குத் துண்டு போடவும் முடியாது, குறிப்பிட்ட ஒரு அளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். சம்மதம் இல்லாத கைமாற்றத்துக்கு நொத்தாரிசு உறுதி எழுதக்கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அப்படியானால் விளம்பரத்தில் 15 பேர்ச், 20 பேர்ச் துண்டுகளாகப் பெர்மிட் காணி எப்படி விலைப்படுகிறது? வெறும் கடதாசியில் எழுதி, கிராம சேவகரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அவர் மாட்டேன் என்றால் கோயில் தலைவரையோ பள்ளிவாசல் மரைக்காயரையோ பிடித்து. வாங்குகிறவர் அந்தக் கடதாசியைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்பார். காணி இன்னமும் பெர்மிட்காரர் பேரில்தான் இருக்கும். அவர் செத்தால் அவர் நியமித்த பின்னுரித்தாளரின் பேருக்குப் போகும், காசு கொடுத்தவருக்கு ஒன்றும் வராது. இந்தக் காணிக்குச் சாதாரண வாரிசுச் சட்டமும் ஓடாது. எல்லாப் பிள்ளைக்கும் சமபங்கு என்று நினைத்துக்கொண்டு இருக்கிற குடும்பங்கள் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவு வாங்கில் உட்கார்ந்து சண்டை பிடிப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம்.

பெர்மிட் காணி கெட்டது என்று நான் சொல்லவில்லை. முறைப்படி சம்மதம் எடுத்து மாற்றினால் அது நல்ல காணிதான். பெர்மிட் என்று விளம்பரத்தில் போட்டால் விலை குறையும் என்று மறைக்கிறார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது சாதி, பிரகடன உறுதி. இதுதான் எனக்குப் பொல்லாத கோபம் வருகிற சாதி. ஒரு ஆள் நொத்தாரிசுக்கு முன்னால் வந்து, இன்ன காணியை நான் இத்தனை வருடமாகத் தடையின்றி ஆண்டு வருகிறேன் என்று தானே சொல்லித் தானே கையெழுத்துப் போடுவது. அவ்வளவுதான். பார்க்க எல்லாம் உறுதி மாதிரியே இருக்கும், இலக்கம் இருக்கும், முத்திரை இருக்கும், இரண்டு சாட்சி இருக்கும், காணிப் பதிவுக் கந்தோரிலும் பதிந்திருப்பார்கள். ஆனால் பதிந்ததால் அவர் சொன்னது உண்மையாகிவிடாது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி 10 வருடம் உரியவருக்கு எதிராக, இடையூறு இல்லாமல் ஆண்டிருக்க வேண்டும், அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். உரியவர் சம்மதித்து இருக்க விட்டிருந்தால் அது ஆட்சி இல்லை. அரச காணிக்கு எதிராக 10 அல்ல, 50 வருடம் இருந்தாலும் இந்தச் சட்டத்தில் உரித்து வராது. ஆற்றோரமும் காட்டோரமும் பிரகடன உறுதி முடித்து விற்கிற மகான்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் மாவட்டங்களில் இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 1990இல் யுத்தத்தால் ஊரை விட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். ஒரு ஊராரின் காணியில் மற்ற ஊரார் குடியிருந்து, பிறகு அதுவே வீடு வாசலாகி, கிணறும் கட்டி, பிள்ளைக்குச் சீதனமும் எழுதிவிட்டார்கள். இதற்காகத்தான் 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை பயங்கரவாத நடவடிக்கை காரணமாகத் தன் காணிக்குப் போக முடியாதவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று. நல்ல சட்டம், ஆனால் வழக்குப் போட இரண்டு வருடக் கெடு வைத்தார்கள், கிராமத்து ஆட்களுக்குச் சட்டம் வந்ததே தெரியவருமுன் கெடு முடிந்துவிட்டது. (அந்த நேரம் உங்கள் பத்திரிகை உட்பட நம் பத்திரிகைகள் அதை முன்பக்கத்தில் கத்தியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், கோபிக்க வேண்டாம்.)

பிறகு பிரிபடாத பங்கு. ஒரு ஏக்கர் தென்னந்தோட்டம், ஏழு பிள்ளை, ஒருவர் தன் ஏழில் ஒரு பங்கை விற்கிறார். சட்டப்படி விற்கலாம், மற்றவர்களைக் கேட்கவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் தேசவழமைப்படி பங்காளிக்கு முதலில் சொல்ல வேண்டும், அந்தச் சட்டம் இங்கே ஓடாது. ஆனால் நீங்கள் வாங்குவது தோட்டத்தின் எந்த மூலையும் அல்ல, ஒவ்வொரு பிடி மண்ணிலும் ஏழில் ஒன்று. ரோட்டோரத் துண்டைக் காட்டி, கயிறு கட்டி, “இதுதான் உங்களுடைய பக்கம்” என்று புரோக்கர் சொல்வதற்கு ஒரு சதப் பெறுமதி இல்லை, எல்லாப் பங்காளியும் சேர்ந்து பிரிவினை உறுதி முடித்தாலோ, 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு நீதிமன்றம் பிரித்துத் தந்தாலோ தவிர. அந்த வழக்குகள் எவ்வளவு காலம் இழுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை, வாசகர்களில் பாதிப்பேர் வீட்டில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

வாரிசு விசயத்திலும் இதே பிழைதான். தகப்பன் மரணசாதனம் எழுதாமல் இறந்துவிட்டார், தாய் உயிரோடு இருக்கிறார், தாயின் கையெழுத்து இருந்தால் போதும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பொதுச் சட்டத்தில் தாய்க்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகள் எல்லாருக்கும். இதில் ஒரு பிள்ளை 18 வயது ஆகாததாக இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும், சுவிஸில் ஒருவர் இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் சட்டப்படி ஷரீஅத் பங்கு வரும், கணக்கே வேறு. ‘குடும்பக் காணி, அவசர விற்பனை’ என்ற விளம்பரத்தைக் கண்டால் நான் முதலில் கேட்பது, எத்தனை பேர் கையெழுத்து என்றுதான்.

ஈட்டைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. வங்கியில் ஈடு வைத்தால் ஈட்டு உறுதி பதிவுக் கந்தோர் ஏட்டில் தெரியும். வட்டிக்காரர் அந்த வழியில் போவதில்லை. 5 லட்சம் கேட்டுப் போனவரிடம் காணியை அறுதியாகவே தன் பேரில் எழுதி வாங்குவார், காசைத் தந்தால் திருப்பி எழுதித் தருவேன் என்று வாயால் சொல்வார், கொஞ்சம் நல்ல மனிதராக இருந்தால் மீள எழுதித் தருவதாக உறுதியிலேயே ஒரு நிபந்தனை போடுவார். கடன்காரர் அந்த வீட்டிலேயே இருப்பார். வட்டிக்காரர் காணியை விற்க வருகிற நாளில் வாங்குகிறவருக்கு உறுதி சரியாகத்தான் தெரியும், வீட்டுக்குள் இருக்கிற ஆள் மட்டும் கதவைத் திறக்கமாட்டார். ஆகையால் காணியில் யார் இருக்கிறார், என்ன முறையில் இருக்கிறார் என்று வாங்குமுன் நேரில் போய்க் கேட்க வேண்டும், புரோக்கர் இல்லாமல் போய்க் கேட்க வேண்டும். அடுத்த வளவுக் கிழவிக்குத் தெரியாத காணி வரலாறு பதிவுக் கந்தோரிலும் இருக்காது.

பதிவுக் கந்தோர் என்றதும் ஒரு விசயம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பழைய ஏடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம், அதற்கு ஒரு எழுத்து, ஒரு தொகுதி எண், ஒரு பக்க எண். அந்தப் பக்கத்தில் வரிசையாக உறுதிகளைப் பதிந்திருப்பார்கள், யார் யாருக்கு எப்போது எழுதினார், எந்த நொத்தாரிசு, என்ன இலக்கம் என்று. இடம் முடிந்தால் வேறு பக்கத்துக்குக் கொண்டு போவார்கள், எங்கிருந்து வந்தது எங்கே போனது என்று மேலேயும் கீழேயும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். பழக்கமில்லாதவர் கடைசிப் பக்கத்தின் பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு “சுத்தம்” என்று வந்துவிடுவார். ஒரு பெரிய காணியை எட்டுத் துண்டாக்கி விற்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் புதுப் பக்கம் திறப்பார்கள், அந்தப் பக்கம் குழந்தைப் பிள்ளையின் கொப்பி மாதிரி வெள்ளையாக இருக்கும். தாய்க் காணியின் பக்கத்துக்குப் போனால் அங்கே ஒரு ஈடோ, பிரிவினை வழக்கொன்றின் அறிவித்தலோ தூங்கிக்கொண்டிருக்கும். இதனால்தான் 30 வருடத்துக்குப் பின்னோக்கிப் பார் என்று பழைய நொத்தாரிசுமார் எங்களை விரட்டுவார்கள். பதிவுக்கு ஏன் அவசரப்படுகிறோம் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரே ஆள் ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதிவிட்டால், முன்னுக்கு எழுதியவர் என்பதைவிட முன்னுக்குப் பதிந்தவர் என்பதற்குத்தான் 1927ஆம் ஆண்டின் சட்டம் இடம் கொடுக்கிறது, அந்தப் பதிவில் மோசடி எதுவும் இல்லையென்றால்.

1978 சூறாவளி, 1990, 2004 சுனாமி என்று உறுதியைத் தொலைத்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களிடம் “உறுதி இல்லையே, விலை குறைத்துத் தா” என்று அடித்துப் பேசுகிற புரோக்கர்மாரைக் கண்டிருக்கிறேன். உறுதியின் மூலப்பிரதி உரியவரிடம், இணைப்பிரதி பதிவுக் கந்தோரில், இன்னொரு பிரதி நொத்தாரிசிடம் இருப்பதுதான் முறை. ஒவ்வொரு மாதமும் எழுதிய உறுதிகளின் இணைப்பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் நொத்தாரிசு அனுப்ப வேண்டும். ஆகவே வீட்டுக் கடதாசி வெள்ளத்தில் போனாலும் உறுதி போகவில்லை. சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். இதற்காக ஒருவரும் விலையைக் குறைக்க வேண்டாம்.

சரி, அளவுக்கு வருவோம், இது சின்ன விசயம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 40 பேர்ச் ஒரு ரூட், 160 பேர்ச் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்து ஆட்கள் பரப்புக் கணக்குச் சொல்வார்கள், ஒரு பரப்பு 10 பேர்ச். இப்போதைய அளவைப் படங்களில் ஹெக்டேயரில் இருக்கும், 10 பேர்ச் என்றால் 0.0253 என்று போட்டிருக்கும், அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. பழைய உறுதிகளில் அளவைவிட எல்லைதான் பெரிதாக இருக்கும்: வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே பூவரச மரம் நின்ற வேலி. மரம் செத்து, இன்னாரும் செத்து, வேலியும் மதிலாகி வருடம் எத்தனையோ. அதனால்தான் புதிய படத்தைக் கேட்கச் சொல்கிறேன், உரிமம் பெற்ற நில அளவையாளர் கையெழுத்துப் போட்ட படம், அவர் கல் நட்ட இடத்தை நீங்கள் நேரில் காண வேண்டும். 10 பேர்ச் என்று சொல்லி ஒழுங்கைக்கு விட்ட நிலத்தையும் அதற்குள் எண்ணிவிடுகிற கெட்டித்தனமும் உண்டு.

பாதை பெரிய விசயம், ஆனால் சொல்ல அதிகமில்லை. உறுதியின் அட்டவணையில் பாதை உரிமை எழுதியிருக்க வேண்டும், படத்தில் பாதைக்கு ஒரு துண்டு இலக்கம் இருக்க வேண்டும். “அடுத்த வளவுக்காரர் நல்ல மனிதர், விடுவார்” என்பது பாதை இல்லை. ரோட்டோரக் காணியாக இருந்தால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பாருங்கள், மதில் கட்டிய பிறகு வீதி அகலிக்க வருகிறவர்களோடு சண்டை பிடிப்பதைவிட அது லேசு. சோலைவரிப் பற்றுச்சீட்டைக் காட்டி “காணி என்னுடையது” என்பவர்களும் இருக்கிறார்கள். வரி யார் கட்டினாலும் சபை வாங்கும், அது உரித்துக்குச் சாட்சியாகாது.

நிரப்பிய வயல் பற்றிக் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் இருக்கிற வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் இடமில்லை, மேற்கே வயல்தான், இரவோடு இரவாக ரிப்பர் லொறியில் கிரவல் மண் கொட்டி, ஒரு கிழமையில் ‘வீடு கட்ட உகந்த மேட்டுக் காணி’ ஆகிவிடுகிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை நிரப்ப ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும், அது இல்லாவிட்டால் பிறகு கட்டிட அனுமதிக்கு அலைய வேண்டிவரும், வங்கியும் கை விரிக்கும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வட்டையில் வயல் செய்தவரைப் பிடித்து, 2011 தை மாத வெள்ளம் எதுவரைக்கும் நின்றது என்று கேளுங்கள். அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

‘கடற்கரைக்குக் கிட்ட’ என்பதும் அப்படித்தான். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம், அதற்குள் எதைக் கட்டவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி கேட்க வேண்டிவரும். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர் இடைவலயம் என்று அறிவித்துப் பிறகு தளர்த்தினார்கள், அந்தக் குழப்பத்தில் கைமாறிய கடலோரத் துண்டுகள் இன்னமும் சந்தையில் சுற்றுகின்றன. பாசிக்குடாவிலும் பொத்துவில் அறுகம்பையிலும் உல்லாசப் பயணிகளுக்கு விடுதி போட என்று காணி தேடுகிறவர்கள் இதை இரண்டு தரம் படிக்கட்டும்.

அட்வான்ஸ். விளம்பரத்தைப் பார்த்து எடுத்த எடுப்பில் நடப்பது இதுதான், காணியைப் பார்த்த அன்றே “வேறு ஆள் நிற்கிறார்” என்று சொல்லி 2 லட்சம், 3 லட்சம் வாங்குவது, பள்ளிக்கூடக் கொப்பி ஒற்றையில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. காணி விற்பனை மட்டுமல்ல, காணியை விற்பதாகச் செய்கிற உடன்படிக்கையும் நொத்தாரிசு, இரண்டு சாட்சி முன்னால் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அதை வைத்துக் காணியை எழுதித் தரச்சொல்லிக் கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், அதற்கு வேறு வழக்கு, வேறு அலைச்சல். விற்பனை உடன்படிக்கையை முறைப்படி எழுதிப் பதிந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அவ்வளவு அவசரமான விற்பனை ஒன்று உலகத்தில் கிடையாது.

விலையிலும் இரண்டு விலை. வங்கி மதிப்பீட்டாளர் சந்தைப் பெறுமதி ஒன்று போடுவார், அவசரமாக ஏலத்தில் போட்டால் என்ன கிடைக்கும் என்று கட்டாய விற்பனைப் பெறுமதி ஒன்று போடுவார். வங்கி கடன் தரும்போது இரண்டாவதையும் பார்த்துத்தான் தரும். முழு விலைக்கும் கடன் எடுக்கலாம் என்று கனவு காண்பவர்கள் கவனிக்க. முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் தலையில்: முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. 80 லட்சத்துக்கு வாங்கினால் 319,000 ரூபா, நொத்தாரிசுக் கட்டணமும் படக் காசும் அதற்குமேல். இதைக் குறைக்கத்தான் உறுதியில் விலையைப் பாதியாகப் போடுகிறார்கள். விற்பவருக்கும் அது வசதி, 2018 ஏப்ரலில் மூலதன ஆதாய வரி திரும்ப வந்த பிறகு இன்னும் வசதி. நாளைக்கு உரித்தில் பிழை வந்து விற்றவரிடம் நட்டஈடு கேட்டுப் போனால், கையில் இருக்கிற உறுதி 40 லட்சம் என்றுதான் சொல்லும், அப்போது அந்த வசதி யாருக்கு என்று விளங்கும்.

தரகு 2 சதவீதமா 3 சதவீதமா என்பது பேச்சுத்தான், சில பேர் இரண்டு பக்கமும் வாங்குவார்கள், சில பேர் விற்பவர் சொன்ன விலைக்குமேல் தாங்கள் ஒன்றை ஏற்றி வைத்து அந்த மேல்காசையே எடுத்துக்கொள்வார்கள். நேர்மையான புரோக்கர்மாரும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன், அவர்கள் பிரதியையும் படத்தையும் கையோடு கொண்டு வருவார்கள், கேட்கத் தேவையில்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் காணி விலை ஏறியபோது, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மீன் விற்றவரும் புரோக்கர், டியூசன் மாஸ்டரும் புரோக்கர். நொத்தாரிசு பிழை விட்டால் முறையிட ஒரு இடம் உண்டு, நில அளவையாளருக்கும் உண்டு. புரோக்கர் பிழை விட்டால் அவர் போனை நிறுத்திவிட்டால் சரி.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாக் கடவுச்சீட்டு எடுத்து, இரட்டைப் பிரசாவுரிமை எடுக்காதவர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே சாதாரணமாகக் காணி வாங்க முடியாது. தாய் தகப்பன் விட்டுப்போனது வாரிசாக வருவது வேறு. தம்பியின் பேரில் வாங்கி வைத்துவிட்டுத் தம்பியோடு பேச்சில்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும். அங்கிருந்து விற்பவர் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம், அனுப்பியிருந்தால் அதில் இந்தக் காணியை விற்க அதிகாரம் இருக்கிறதா, பதிந்திருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் கண்ணை மூடினால் தத்துவமும் அன்றோடு முடிந்தது, அதை வைத்து அடுத்த நாள் எழுதிய உறுதிக்கு ஆயுள் இல்லை.

இவ்வளவையும் விளம்பரத்தில் போடச் சொல்லவில்லை ஆசிரியர் ஐயா. நான்கு விபரம்தான். “அறுதி உறுதி, 2019ஆம் ஆண்டுப் படம், பாதை உறுதியில் உண்டு, ஈடு வழக்கு இல்லை.” இரண்டு வரி கூடும். ‘அவசர விற்பனை’, ‘அருமையான சூழல்’ இரண்டையும் வெட்டினால் அதே இடத்துக்குள் அடங்கும். பொய் போட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். போடட்டும், அச்சில் வந்த பொய்யை வெட்டி வைத்துக்கொண்டு பொலிசுக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம், இப்போது வாங்குகிறவர் கையில் அதுவும் இல்லை. விளம்பரம் குறைந்துவிடும் என்று உங்கள் விளம்பரப் பிரிவு பயப்படும், எனக்கு விளங்குகிறது. பெர்மிட்டையும் பிரகடன உறுதியையும் மறைக்க முடியாதவர்கள் முகநூலுக்குப் போய்விடுவார்கள், மிச்சம் வருகிற விளம்பரத்தை ஆட்கள் நம்பி வாசிப்பார்கள்.

ஞாயிறு பக்கத்தில் ஒரு சின்ன மூலை தந்தால், விளம்பரத்தில் வருகிற ஒவ்வொரு ஆவண வகையையும் வாரம் ஒன்றாக எழுதித் தர நான் ஆயத்தம், காசு வேண்டாம். முதலில் பெர்மிட்டை எழுதுகிறேன், அதற்குத்தான் கேள்வி அதிகம் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு அலுவலக எழுதுவினைஞர்,
களுவாஞ்சிகுடி